விரட்டு மருந்து

கட்டிலுக்கு அடியில் ஈர்க்குமாற்றை விட்டு ஓர் இழு இழுத்தாள் தோரிகா. தூசியோடு நாலைந்து கரப்பான்கள் புரண்டு வந்தன. புரண்டதுதான் தெரியும், அடுத்த நொடி ஆளுக்கொரு திசையில் ஓட்டம் பிடித்தன. இரண்டை ரப்பர் செருப்பால் அடித்தாள். ஒன்று வாளிக்குப் பின்னால் போனது. இன்னொன்று சுவரேறி, ஆக்சிஜன் குழாயோடு ஓடி, மேல்தட்டில் மறைந்துவிட்டது. அடித்ததை அள்ளி வாளியில் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள். பல் விளக்குவதுபோல இந்தக் கொலைத்தொழிலும் காலை வேலையாகப் பழகிவிட்டது. பழகிப்போனதுதான் அவளுக்கு எரிச்சல்.

முன்பு இவ்வளவு கிடையாது. குழந்தைகள் வார்டை ஒட்டி ஒரு நடை. நடைக்கு அந்தப் பக்கம் அலுவலகம், மேனேஜர் அறை, கூட்டம் போடுகிற பெரிய ஹால். ஆஸ்பத்திரிக்குப் பணம் கொடுக்கிற வெளிநாட்டுக்காரர்கள் பார்வையிட வரப்போகிறார்கள் என்றதும் அந்தப் பக்கம் பூராவும் மருந்தடித்தார்கள். அன்றிலிருந்து அங்கே குடியிருந்த பட்டாளம் மொத்தமும் மூட்டை முடிச்சோடு நடையைக் கடந்து பிள்ளைகளிடம் வந்துவிட்டது.

மருந்தடிக்கிற சதேந்த் அன்றும் வந்தான். முதுகில் தொட்டி, கையில் குழல். அலுவலக வாசல் ஓரமாக ஈரக்கோடு இழுத்துக்கொண்டே வந்தவனைப் பார்த்துத் தோரிகா இடுப்பில் கை வைத்தாள்.

"வந்துட்டாருய்யா மாப்பிள்ளை. பையா, உன் மருந்தைக் குடிச்சுக் குடிச்சு இதுங்க நல்லாக் கொழுத்துப் போச்சு. வந்து பாரு, ஒண்ணொண்ணும் உன் பெருவிரல் தண்டி."

"தீதி," என்று அக்கா முறை வைத்து இந்தியில் கூப்பிட்டான் சதேந்த். "இது கொல்ற மருந்து இல்ல, விரட்டுற மருந்து. வாடை புடிக்காம ஓடிரும், அவ்வளவுதான். எங்க ஓடணும்னு நானா சொல்ல முடியும்?"

"நான் சொல்றேன். எங்கிட்டதான் ஓடி வரும்."

சதேந்த் சிரித்தான். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னான்: "கொல்லணும்னா புகை போடணும். வார்டைக் காலி பண்ணி, கதவு ஜன்னல் எல்லாம் அடைச்சு, மறுநாள் காலை வரைக்கும் ஒரு ஆள் உள்ள போகக் கூடாது. ஒரு பூச்சி மிஞ்சாது. உங்க மேனேஜர்கிட்ட மொத நாளே சொன்னேன். புள்ளைங்கள எங்க வைக்கிறதுன்னாரு. அது கிடக்கட்டும், ஆபீஸ் பக்கம் மட்டும் விரட்டிவிடுன்னுட்டாரு."

"விரட்டினா இங்கதான் வரும்னு அவருக்குத் தெரியுமா?"

"பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியும், தீதி," என்று சொல்லிவிட்டு அவன் கோட்டை முடிக்கப் போனான்.

மதியம் வார்டு தூங்கும் நேரம். மழை விட்டு வெக்கை ஏறியிருந்தது. ஜன்னலோரக் கட்டிலிலிருந்து ஓர் அலறல் கிளம்பியது. அவித்த மரவள்ளித் துண்டு கையிலிருந்து விழ, தோரிகா ஓடினாள்.

லைசா என்கிற சின்னப் பெண். ஈரப்பலா மரத்திலிருந்து விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டு, தாய் கெலெராவோடு படகேறி வந்தவள். முறிந்த காலைக் கயிறு கட்டி இழுத்து, கட்டில் கால்மாட்டில் மணல் பை தொங்கவிட்டிருந்தார்கள். ஓடவும் முடியாது, புரளவும் முடியாது. காதைப் பிய்த்து எறிந்துவிடுவதுபோல இரண்டு கையாலும் அடித்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள நடக்குதும்மா! உள்ள நடக்குது!"

கெலெராவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மகளின் தலையைப் பிடிப்பதா, மணல் பை ஆடாமல் பிடிப்பதா என்று கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தாள். தோரிகா பையைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர்!" என்று கூரை அதிரக் கத்தினாள்.

பிரேம்லதா சிஸ்டர் டார்ச்சோடு வந்தார். காதை இழுத்து உள்ளே அடித்துப் பார்த்தார்.

"கரப்பான்தான். பின்பக்கம் தெரியுது. நல்லவேளை, செவிப்பறை கிழியல."

"எண்ணெய் ஊத்துவோமா, சிஸ்டர்?" என்றாள் கெலெரா. "எங்க தீவுல தேங்காயெண்ணெய்தான் ஊத்துவாங்க."

"ஊத்தலாம். ஆனா உள்ளேயே முங்கிச் செத்துரும். அப்புறம் காலு, றெக்கைன்னு ஒவ்வொண்ணா இடுக்கி விட்டுப் புடுங்கணும். இவ அதுவரை பொறுக்க மாட்டா." சிஸ்டர் கொஞ்சம் யோசித்தார். "லிக்னோகெயின் பட்டா அதுவே வெளிய ஓடிவரும். ஆபரேஷன் ரூம்ல ஒரே ஒரு புட்டிதான் இருக்கு. டாக்டர் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

உடம்பை மரத்துப்போக வைக்கிற அந்த மருந்தைச் சிரிஞ்சில் எடுத்து, உள்ளங்கையில் பொத்தி வெதுவெதுப்பாக்கி, சிஸ்டர் காதுக்குள் சொட்டவிட்டார். லைசா ஒரு முறை துள்ளினாள். மணல் பை தோரிகாவின் கையை இழுத்தது. மூச்சு விடுகிற நேரம்கூட ஆகியிருக்காது. பழுப்பு நிறத்தில் ஒன்று காதிலிருந்து பீறிட்டு வந்து, குழந்தையின் கன்னத்தில் ஓடி, தலையணையில் குதித்தது. கெலெரா அதை வெறுங்கையால் அடித்தே கொன்றாள். கொன்ற பிறகும் அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, விடு, செத்துப்போச்சு," என்று தோரிகா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

அப்போதுதான் தோரிகாவுக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்தில் காது அடைத்தது. செருப்பைக்கூட மாட்டாமல் நடையைக் கடந்து, சதேந்த் போட்ட ஈரக்கோட்டை மிதித்துக்கொண்டு அலுவலகத்துக்குள் நுழைந்தாள்.

மேனேஜர் இசிகேலி கஞ்சி போட்ட சூலு வேட்டியும் தோல் செருப்புமாக ஹாலில் நின்று நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். எழுத்தர்கள் இருவர் சுவரில் வரவேற்புத் துணி கட்டிக்கொண்டிருந்தார்கள். தோரிகாவைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. மலராமல் என்ன செய்யும்? அவருடைய ஊரும் தோரிகாவின் ஊரும் ஒன்றுக்கொன்று தவூ முறை. ஒரே மூதாதைத் தெய்வத்தின் பிள்ளைகள் என்று பெயர். தவூக்காரர்கள் ஒருவரையொருவர் எவ்வளவும் திட்டலாம், வீடு புகுந்து சட்டியில் இருப்பதை எடுத்துத் தின்னலாம், கேட்டதை இல்லை என்று சொல்லக் கூடாது, எதற்கும் முகம் சுளிக்கக் கூடாது. துப்புரவுக்காரி மேனேஜரைப் பார்த்து, "டேய் மொட்டை" என்று கூப்பிட முடிகிற ஒரே ஆஸ்பத்திரி அந்தத் தீவில் இதுவாகத்தான் இருக்கும்.

"வந்துட்டா என் தவூ! மொத்தப் பேரும் சோத்துப் பானைய ஒளிச்சு வைங்கப்பா!"

எழுத்தர்கள் சிரித்தார்கள்.

"புள்ளை காதுக்குள்ள கரப்பான் போயிருச்சு," என்றாள் தோரிகா.

"உங்க ஊர்க்காரங்க காதுக்குள்ளயா? மூளை இல்லாத இடமாப் பார்த்து வீடு கட்டப் போயிருக்கும்."

மறுபடியும் சிரிப்பு. தோரிகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இதுதான் இவரிடம் சிக்கல். எத்தனை தடவை வந்து முறையிட்டாலும் தவூ விளையாட வந்திருக்கிறாள் என்று சிரித்தே திருப்பி அனுப்பிவிடுவார். வேறு யாராவது கேட்டிருந்தால் பதிலாவது சொல்லியிருக்க வேண்டும்.

"விளையாடாத. நீ விரட்டினது எல்லாம் எங்கிட்ட வந்து கெடக்கு. வார்டுக்குப் புகை போடு."

"போடலாம், தவூ. அந்த நாள் முழுக்கப் புள்ளைங்கள உன் மடியிலயா படுக்க வைப்ப?"

"இந்த ஹால்ல படுக்க வைக்கிறேன்."

"நாளைக்கு ரெண்டு மணிக்கு இங்க கூட்டம், தாயி."

"கேக்குறேன், குடு. உன் ஹாலை எனக்குக் குடு."

இசிகேலி தலைக்கு மேல் இரு கையையும் தூக்கினார். "எடுத்துக்கோ! ஹாலை எடுத்துக்கோ, நாற்காலிய எடுத்துக்கோ, எம் பொண்டாட்டியையும் சேர்த்து எடுத்துட்டுப் போ! எழுதிக்குங்கப்பா, என் தவூ எல்லாத்தையும் எடுத்துக்கிட்டா!" எழுத்தர்களில் ஒருவன் சிரித்த சிரிப்பில் ஏணியிலிருந்து விழப் பார்த்தான். அவர் அவளைத் தோளில் தட்டி வாசல்வரை கொண்டுவந்து விட்டார். "தரைய மட்டும் நல்லாக் கூட்டு. புள்ளைங்க சிந்துற பிஸ்கட்டுக்குத்தான் பூச்சி வருது."

மறுநாள் காலை இசிகேலி விருந்தாளிகளை அழைத்து வர விமானத் திடலுக்குப் போன பிறகு, தோரிகா சதேந்தைப் பிடித்தாள்.

"புகை போடுற சாமான் கொண்டுவந்திருக்கியா?"

"வண்டியில கெடக்கு. மேனேஜர் சரின்னாரா?"

"ரெண்டு கிளார்க்கு கேக்க, ஹாலை எடுத்துக்கோன்னாரு."

பிரேம்லதா சிஸ்டர் மாத்திரைத் தட்டோடு நின்றார். "அது விளையாட்டுக்குச் சொன்னது, தோரிகா. ஊருக்கே தெரியும்."

"எங்களுக்குள்ள விளையாட்டுக்குக் குடுத்தாலும் குடுத்ததுதான், சிஸ்டர். எங்க அப்பா இப்படித்தான் ஒரு பன்னியத் தொலைச்சாரு. வாயைக் குடுத்துட்டா அப்புறம் இல்லைன்னு சொல்ல மாட்டோம்."

சிஸ்டர் லைசாவைப் பார்த்தார். காதில் பஞ்சு. ராத்திரி முழுக்கக் கண்ணை மூடாமல் கிடந்து, இப்போதுதான் கண் சொருகியிருந்தாள். மற்றப் பிள்ளைகளுக்கும் தாய்மார்கள் கைக்குட்டையைக் காதோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பல்வலிக்காரர்கள் கூட்டம் மாதிரி இருந்தது வார்டு.

"முதல்ல எடைப் பை கட்டின கட்டிலைத் தள்ளுவோம்," என்றார் சிஸ்டர். "ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் தள்ளணும், ஒருத்தர் பை ஆடாம கூடவே நடக்கணும்."

கட்டில் தள்ளுகிற விலியாமேயும் அவன் கூட்டாளியும் வந்தார்கள். நாற்காலிகள் சுவரோரம் போயின. கட்டில்கள் ஒவ்வொன்றாக நடையைக் கடந்தன. பிள்ளைகளுக்கு ஒரே குஷி. ஹாலில் மின்விசிறி எல்லாம் சுற்றியது, தரை பளபளத்தது, மூலை முடுக்கில் ஒரு பூச்சி இல்லை. தாய்மார்கள் கைக்குட்டைக் கட்டுகளை அவிழ்த்தார்கள். கெலெரா மகளின் கட்டிலோரம் தரையில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள்.

சதேந்த் முகமூடி மாட்டிக்கொண்டு வார்டை அடைத்துப் புகை போட்டான். சற்று நேரத்தில் கதவுக்கு அடியிலிருந்து கரப்பான்கள் தள்ளாடிக்கொண்டு நடைக்கு வந்து மல்லாந்தன. தோரிகா கூட்டி அள்ளினாள். அவள் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாகக் கூட்டியது கிடையாது. முதல் வாளி நிறைந்ததும் சதேந்துக்குத் தூக்கிக் காட்டினாள்.

யாரோ போன் போட்டிருக்க வேண்டும். விருந்தாளிகளைச் சாப்பாட்டுக்கு ஹோட்டலில் விட்டுவிட்டு இசிகேலி மட்டும் மழையில் நனைந்து முன்னால் வந்து சேர்ந்தார். சூலுவின் கரையெல்லாம் சேறு. ஹால் வாசலில் நின்று, வரவேற்புத் துணிக்குக் கீழே வரிசையாகக் கிடந்த பிள்ளைகளைப் பார்த்தார். விலியாமே, எழுத்தர்கள், சிஸ்டர், சதேந்த் எல்லாரும் நடையில் கூடிவிட்டார்கள்.

"தவூ," என்றார். உதடு மட்டும் சிரித்தது. "நல்ல வேடிக்கை. எல்லாரும் சிரிச்சாச்சு. இப்ப வண்டி வரதுக்குள்ள கட்டில எல்லாம் திருப்பிக் கொண்டுபோ."

"உள்ள புகை, சார்," என்றான் சதேந்த். "நாளைக் காலை வரைக்கும் கதவு திறக்கக் கூடாது. புள்ளைங்க நெஞ்சு தாங்காது."

"அப்ப நடையில போடு."

"நடைக்கும் கசியுது. பூச்சி வேற செத்தும் சாகாமலும் கெடக்கு," என்றார் சிஸ்டர்.

"கொஞ்ச நேரந்தானே? கூட்டம் முடியட்டும். நடையில போடுங்க."

தோரிகா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "நீ குடுத்த, நான் எடுத்துக்கிட்டேன். தவூ குடுத்தத திருப்பிக் கேட்டா உன் ஊர்ல உன்னை என்னன்னு சொல்லுவாங்க?"

நடையில் ஒரு சிரிப்பலை எழுந்தது. இசிகேலியும் சிரித்தார். இந்த முறை வாய்விட்டே சிரித்தார்.

"சரிதான், தவூ, சரிதான். ஆனா தவூன்னா ரெண்டு பக்கமும் உண்டுல்ல? நீ என் ஹாலை எடுத்துக்கிட்ட. நான் உன் வேலைய எடுத்துக்கிட்டேன். இன்னையோட சரி. யூனிபார்மைக் கழட்டிக் குடுத்துட்டுக் கிளம்பு."

எழுத்தர்களில் ஒருவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்கள். அவனும் நிறுத்தினான்.

தோரிகாவின் வீட்டில் நாலு வாய், இந்த வேலையை நம்பித்தான் இருந்தன. அழுதுவிடுவோமோ என்று பயந்தாள். அழுகை வரவில்லை. அந்த ஆள் சிரித்த சிரிப்புதான் கண்ணுக்குள் நின்றது. நீல மேல்சட்டையின் பொத்தான்களைக் கழற்றி, மடித்து, அவர் கையில் வைத்தாள். உள்ளே பூப்போட்ட பழைய ரவிக்கை.

"எடுத்துக்கோ. தவூ கேட்டா இல்லைன்னு சொல்ற பழக்கம் எங்க ஊர்ல கிடையாது," என்றாள். "ஹாலு என்னுதுதான்."

பிறகு ஹாலின் வாசலுக்குப் போய், நிலைப்படிக்குக் குறுக்கே, இந்தக் கட்டைக்கும் அந்தக் கட்டைக்கும் சரியாக, நீட்டிப் படுத்துவிட்டாள்.

படுத்திருக்கிற ஆளைத் தாண்டுவது அங்கே எவரும் செய்யாத காரியம். தாண்டுவதை விடுங்கள், உட்கார்ந்திருப்பவர் தலைக்கு மேலே கை நீட்டி ஒரு டம்ளர் எடுப்பதற்கே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு குனிகிற ஜனங்கள். அந்த ஹாலுக்கு வேறு வாசலும் கிடையாது.

"விலியாமே, அவளைத் தூக்கு."

விலியாமே தன் கையைப் பார்த்தான். "பொம்பளைய எப்படி சார் தொட்டுத் தூக்குறது?"

"அப்ப தாண்டிப் போய்க் கட்டில எடு."

படுத்திருப்பவளுக்கு முன்னால் நிற்பது சரியில்லை என்று பட்டதோ என்னவோ, விலியாமே அப்படியே தரையில் உட்கார்ந்தான். அவன் கூட்டாளியும் உட்கார்ந்தான். எழுத்தர்கள் மேனேஜரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒருவர் பின் ஒருவராகச் சுவரோரம் குந்தினார்கள். சதேந்த் தொட்டியை முதுகிலிருந்து இறக்கி வைத்தான்.

"எழுந்திரு, தவூ," என்றார் இசிகேலி தணிந்த குரலில்.

"தாண்டிப் போ, தவூ."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மடித்த மேல்சட்டையைக் கக்கத்தில் இடுக்கினார். சூலுவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தாண்டினார்.

யாரோ மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது. தூக்கிய செருப்பிலிருந்து ஈரமண் ஒரு கட்டி பெயர்ந்து தோரிகாவின் கன்னத்தில் விழுந்தது.

உள்ளே போனவர், "வாங்கடா!" என்று கத்தினார். ஒருவரும் அசையவில்லை. சரி என்று தானே போய், வாசலுக்குப் பக்கத்தில் கிடந்த லைசாவின் கட்டில் கம்பியைப் பிடித்துத் தள்ளினார். கட்டில் விருட்டென்று நகர்ந்தது. தொங்கிய மணல் பை ஆடியது, ஆடிய வேகத்தில் காலை வெட்டி இழுத்தது. குழந்தை வீரிட்டாள். இசிகேலி பதறிப்போய்க் குனிந்து இரண்டு கையாலும் பையைப் பிடித்து நிறுத்தினார். நீலச் சட்டை கக்கத்திலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"ஆட்டாதீங்க சார்!" என்று வாசலுக்கு வெளியிலிருந்தே கத்தினார் சிஸ்டர். "எலும்பு விலகிரும்! தூக்கவும் கூடாது. அப்படியே புடிச்சுக்குங்க!"

"வந்து வாங்கிக்கங்க, சிஸ்டர்!"

"வழி இல்லையே, சார்."

தூக்கத்திலிருந்து எழுந்த கெலெரா மகளின் தலையை மார்போடு அணைத்துக்கொண்டாள். எதிரே பாதி குனிந்த நிலையில் மணல் பையைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பையை வாங்கிக்கொள்ள அவள் கை நீட்டவில்லை.

கீழே போர்ட்டிகோவில் வண்டியின் ஹார்ன் கேட்டது. கதவுகள் திறந்து மூடின. அன்னியப் பேச்சும் சிரிப்பும் படியேறி வந்தன.

சிஸ்டர் தோரிகாவின் தலைமாட்டில் மண்டியிட்டு உட்கார்ந்து, முந்தானை இல்லாத யூனிபார்மில் வேறு எதுவும் கிடைக்காமல், வெறும் விரலால் அவள் கன்னத்து மண்ணைத் துடைக்கப் போனார்.

"துடைக்காதீங்க, சிஸ்டர்," என்றாள் தோரிகா. "வர்றவங்க பார்க்கட்டும்."